மூச்சுவிட ஒரு கொப்பு

நான்கு வருஷமாக மாடசாமி ஒரே பொய்யைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லி வந்தார். அதுவும் வருஷத்துக்கு ஒரு தடவை, மாசி மாதத்தில் மட்டும். மற்றபடி பொய் புரட்டு இல்லாத மனுஷர். வெற்றிலை போடுவார், பஸ் கொண்டக்டரோடு வாயடிப்பார், அவ்வளவுதான்.

மாசி பிறந்ததும் ஞானாம்பிகை டீச்சர் தன் வீட்டு வாசற்படியில் வந்து நிற்பார். கேட்டுக்கு மேலே ரோசாக் கொடி படர்ந்திருந்த இரும்பு வளைவுப் பக்கம் முகத்தைத் திருப்பி, "மாடசாமி, ரோசா எப்பிடிப் பூத்திருக்கு?" என்று கேட்பார். தோட்ட வேலையில் நிற்கும் மாடசாமி மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "நெறையப் பூத்திருக்குங்க டீச்சரம்மா. எலையே தெரியல" என்பார். டீச்சர் முகம் அப்படியே மலர்ந்துவிடும். அந்த முகத்துக்காகச் சொன்ன பொய்தான். போன மாசியில் அந்தக் கொடியில் பூத்தது ஏழே ஏழு பூ.

டீச்சருக்கு எழுபத்திரண்டு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து மாத்தளைக்குக் கணக்குப் படிப்பிக்க வந்து நாற்பது வருஷம் ஆகிவிட்டது. ஊர் மாறியது, பேச்சு மாறவில்லை. கணவர் செல்வரத்தினம் மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் வேலை பார்த்தவர், காலமாகிவிட்டார். மகள் வாகினி கொழும்பில் இருக்கிறாள். மகன் ஆரூரன் பேராதனையில் விவசாயம் படித்துக்கொண்டிருந்தவன். ஒரு விடுமுறைக்கு வரும்போது, நுவரெலியாவில் யாரோ ஒருவர் வீட்டுக் கொடி ரோசாவில் இரண்டு குச்சியை வெட்டி, நனைத்த பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்தான். டீச்சர் வீடு எல்கடுவைக்குப் போகிற மலை வீதியில் கொஞ்சம் ஏறினால் வரும். இங்குள்ள குளிர் இதற்குப் போதும் என்று சொல்லி நட்டான். இரண்டு வருஷத்தில் கொடி வளைவைப் பிடித்தது. அவன்தான் கொப்புக் கொப்பாகப் பிரித்துத் தும்புக் கயிற்றால் கட்டிவிட்டான். மூன்றாம் வருஷம் டெங்குக் காய்ச்சல் வந்து ஐந்தாம் நாள் போய்ச் சேர்ந்தான்.

அது நடந்து பதினொரு வருஷம். அன்றிலிருந்து அந்தக் கொடியில் ஒரு கத்தியும் படக்கூடாது என்பது டீச்சரின் சட்டம். மகன் கட்டின கட்டு அப்படியே இருக்க வேண்டும். மாடசாமியை வேலைக்குச் சேர்த்த முதல் நாளே சொல்லிவிட்டார். "புல்லு வெட்டுங்கோ, தண்ணிக் கான் துப்புரவாக்குங்கோ, மரக்கறி போடுங்கோ. ரோசாவிலை மட்டும் கை வைக்காதேங்கோ."

கத்தி படாத கொடி என்ன ஆகும்? பட்ட கொப்பின்மேல் பச்சைக் கொப்பு ஏறி, அதன்மேல் இன்னொன்று ஏறி, உள்ளே வெயிலும் காற்றும் போகாமல் ஒரு முள் மூட்டையாகத் தொங்கியது. பூ வருஷா வருஷம் குறைந்துகொண்டே போனது. டீச்சருக்கு அது தெரியாது. இரண்டு கண்ணிலும் வெண்புரை. பச்சையாக ஏதோ ஒன்று அசைவது மட்டும் தெரியும். மாடசாமியின் முகத்தைக்கூட அவர் ஒருநாளும் சரியாகப் பார்த்ததில்லை.

ஒப்பரேஷன் செய்யலாம் என்று வாகினி கெஞ்சாத நாள் இல்லை. "இனி என்னத்தைப் பாக்க இருக்கு எனக்கு" என்று டீச்சர் வாயை அடைத்துவிடுவார். போன கார்த்திகையில் மகள் வந்து மறுபடி மன்றாடிக்கொண்டிருந்தபோது, படிக்குப் பக்கத்தில் புல் பிடுங்கிக்கொண்டிருந்த மாடசாமிக்கு நாக்கு சும்மா இருக்கவில்லை.

"ஒரு தடவ கண்ணால பாத்துருங்க டீச்சரம்மா. தம்பி நட்ட ரோசாவ நான் சொல்லி நீங்க கேக்குறது ஒன்னு, நேர்ல பாக்குறது ஒன்னு. மாசியில அது பூக்குற அழகுக்குக் கண்ணு வேணாமா?"

இரண்டு நாள் கழித்து டீச்சர் மகளுக்குப் போன் எடுத்தார். "சரி. பொங்கல் முடியக் கூட்டிக்கொண்டு போ. மாசி மகம் முடிஞ்ச கையோட வீட்டை கொண்டுவந்து விட்டிடோணும். நான் ரோசாவைப் பாக்கோணும்."

அடுத்த முறை வந்தபோது வாகினி மாடசாமியின் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். மாடசாமி நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் டீச்சர் கண்ணைத் திறந்துகொண்டு வந்து பார்க்கப்போவது எதை? முள் மூட்டையையும் ஏழு பூவையும்.

அந்த மாதம் முழுவதும் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மனைவி செவனம்மா சோற்றுக் கோப்பையைப் பார்த்துவிட்டு, "என்னா, டவுன்ல யாரும் மருந்து மாயம் வச்சுட்டாங்களா?" என்று கேட்டாள். அவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார். உள்ளதைச் சொல்லியிருந்தால் அவளாவது தடுத்திருப்பாள்.

இனி மாடசாமி யார் என்று சொன்னால்தான் அவர் செய்த காரியம் விளங்கும். எல்கடுவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் லயத்தில் பிறந்து, பத்தொன்பது வயதில் கவ்வாத்துக் கத்தி பிடித்து, முப்பத்து மூன்று வருஷம் அதையே பிடித்தவர். கவ்வாத்து என்றால், கிழடுதட்டிய தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி இறக்குவது. நான்கைந்து வருஷத்துக்கு ஒருமுறை ஒரு மலையையே அப்படி மொட்டை அடிப்பார்கள். பார்க்கிறவர்களுக்கு வயிறு எரியும். இரண்டு மாதத்தில் அதே கட்டையிலிருந்து பொலபொலவென்று கொழுந்து கிளம்பும். மாடசாமி வெட்டின வெட்டில் ஒரு நார் பிசிறு இருக்காது. சாய்வாக, தண்ணீர் தேங்காமல், ஒரே இழுப்பு. அவர் கவ்வாத்து வெட்டின மலைக்கு அடுத்த தோட்டத்துத் துரைமாரே வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். தோள்பட்டை இறங்கிய பிறகுதான் தோட்ட வேலையை விட்டு டவுன் பக்கம் வீட்டு வேலைக்கு வந்தார்; குடியிருப்பு இன்னும் லயத்தில்தான்.

செத்துப்போகிற செடியை வெட்டு ஒன்றுதான் பிழைக்க வைக்கும் என்பது அவருக்குச் சோறு போட்ட பாடம். அதைவிட்டால் வேறு வைத்தியம் அவருக்குத் தெரியாது. டீச்சர் கொழும்புக்குப் போனது தை எட்டாம் திகதி. திரும்பி வர ஏழு கிழமை இருக்கிறது. இப்போது வெட்டினால் மாசிக்குள் புதுக் கொப்பு கிளம்பிவிடும், கொப்பு முழுக்கப் பூ விழும், நான்கு வருஷப் பொய் ஒரே நாளில் மெய்யாகிவிடும். இதுதான் அவருடைய திட்டம்.

மறுநாள் காலை கத்தியைத் தீட்டிக்கொண்டு வந்தார். கும்பிட்டுவிட்டுத்தான் வெட்டினார். ஆரூரன் கட்டின தும்புக் கயிறு உக்கிப்போய்த் தொட்டதும் உதிர்ந்தது. அப்போது கத்தியை ஒருமுறை கீழே இறக்கினார். ஆனால் இரண்டாவது வெட்டிலிருந்து கை தன் பாட்டுக்குப் போனது. மத்தியானத்துக்குள் பதினொரு வருஷத்து முள் மூட்டை மொத்தமும் தரையில் கிடந்தது. வளைவு வெறும் இரும்பாக நின்றது. கீழே முழங்கால் உயரத்துக்குச் சுத்தமாக வெட்டிய எட்டுக் கட்டைகள்.

கேட்டுக்குப் பக்கத்திலேயே இருந்த குசினியின் புகை படிந்த சுவர்ப் பக்கம் ஓடியிருந்த ஒரு கொப்பை மட்டும் அவர் வெட்டவில்லை. அதுவும் யோசித்துச் செய்ததல்ல. கவ்வாத்து வெட்டும்போது ஒவ்வொரு செடியிலும் இலையோடு ஒரு கொப்பை விட்டுவிட வேண்டும். எல்லாவற்றையும் வெட்டினால் செடிக்கு மூச்சுமுட்டும் என்று முதல் நாளே கங்காணி தலையில் குட்டிச் சொல்லிக் கொடுத்தது. புதுக் கொழுந்து சாண் உயரம் வந்த பிறகு அந்தக் கொப்பையும் எடுத்துவிட வேண்டும். முப்பத்து மூன்று வருஷப் பழக்கத்தில் கை அதைத் தாண்டிப் போனது.

பத்தாம் நாள் கட்டைகளில் சிவப்புச் சிவப்பாகத் துளிர் கிளம்பியது. மாடசாமிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்றைக்கென்று டீச்சர் கொழும்பிலிருந்து போன் எடுத்தார்.

"மாடசாமி, மொட்டு வைச்சிட்டுதோ?"

"வைக்கப் போகுதுங்க டீச்சரம்மா. துளிர் எல்லாம் நெறைஞ்சு நிக்கிது."

இது பொய் இல்லை என்று அவர் தன்னையே தட்டிக்கொடுத்துக்கொண்டார். ஒரு துளிரைக் கிள்ளி எடுத்துக்கொண்டு, என்ன பசளை போட்டால் சீக்கிரம் பூக்கும் என்று கேட்க மாத்தளை டவுனுக்கு இறங்கினார்.

பூக்கன்று விற்கிற இத்ரூஸ் நாற்பது வயதுக்காரர். அவருடைய கடை என்பது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பச்சை வலைப் பந்தலும், அதற்குக் கீழே பொலித்தீன் பைகளில் வரிசையாகக் கன்றுகளும். அவர் துளிரை வாங்கிப் பார்த்தார். "நல்ல துளிர். கொடி ரோசாதானே. எப்ப வெட்டினீங்க?"

"பத்து நாளாச்சு, இத்ரூஸ் நானா. கவ்வாத்து வெட்டு வெட்டிட்டேன்."

"பூத்து முடிஞ்சா வெட்டினீங்க?"

"இல்ல, இனிமேதான் பூக்கணும். மாசியில பூக்கும்."

இத்ரூஸ் துளிரைக் கீழே வைத்தார். "வருஷத்துல ஒருக்காத்தான் பூக்குமா இது?"

"ஒருக்காத்தான்."

"அண்ணே, இது என்ன வேல செஞ்சீக்கிறீங்க?" என்றார் இத்ரூஸ். குரலை உயர்த்தவில்லை. "ஒருக்காப் பூக்கிற கொடி, போன வருஷம் நீண்ட கொப்புலதான் இந்த வருஷம் பூக்கும். புதுசா வர்ற கொப்புல இந்த வருஷம் எலதான். அது அடுத்த மாசிக்கு. நீங்க பூவெல்லாம் வெட்டிக் கீழ போட்டுட்டு எலைக்குப் பசள கேக்க வந்தீக்கிறீங்க."

மாடசாமி பக்கத்திலிருந்த சிமெந்துத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார். முப்பத்து மூன்று வருஷம் தேயிலைக்குள் நின்றவருக்குப் பூவைப் பற்றி என்ன தெரியும்? தேயிலை பூத்தால் செடி கெட்டுப்போச்சு என்று துரை சத்தம் போடுவார். அங்கே வெட்டுவதெல்லாம் இலைக்காக. வெட்டினால் இலை வரும் என்பதை அவர் நன்றாகப் படித்திருந்தார். பூ வேறு கணக்கு என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை, அவரும் யாரையும் கேட்கவில்லை.

டீச்சரின் மகன் நட்ட வெளிர் ரோஸ் கொடி அது, பதினொரு வருஷம் கத்தி படாதது என்று கதை முழுவதையும் சொன்னார். "அப்ப எப்பத்தான் வெட்டணும்?" என்று கேட்டார். கேட்டு என்ன பிரயோசனம் என்று அவருக்கே தெரியும்.

"பூத்து ஓஞ்சதும், சித்திரையில. பட்டதெல்லாம் அடியோட எடுக்கணும். கெழட்டுக் கொப்பு மூணு இருந்தா வருஷத்துக்கு ஒன்ன எடுக்கணும். நீண்டு வந்த எளங்கொப்புல கை வைக்கவே கூடாது. பூத்த பக்கக் கொப்ப ரெண்டு மூணு கணு விட்டு, வெளிப்பக்கம் பாத்த கணுவுக்கு மேல சாய்வா நறுக்கணும். அந்தம்மா பதினொரு வருஷம் ஒன்னுமே வெட்டாம விட்டது ஒரு பிழ. நீங்க ஒரே நாள்ல எல்லாத்தையும் வெட்டினது அதவிடப் பெரிய பிழ." இத்ரூஸ் கொஞ்சம் யோசித்தார். "பழைய கொப்பு ஒன்னாவது மிச்சம் ஈக்குதா?"

மாடசாமி நிமிர்ந்தார். "மூச்சு விட ஒன்னு விட்டேன்" என்றார்.

அந்தக் கொப்பு குசினிச் சுவரை ஒட்டி நேரே மேலே போய்க்கொண்டிருந்தது. விரல் தடிப்பு, இரண்டு ஆள் நீளம். நேரே மேலே போகிற கொப்பு நுனியில் மட்டும் பூத்துவிட்டு நின்றுவிடும், அதைப் பக்கவாட்டில் படுக்கவைத்துக் கட்டினால் கணுவுக்குக் கணு பக்கக் கொப்பு கிளம்பிப் பூக்கும் என்று இத்ரூஸ் சொல்லியிருந்தார். "ஒரே நாள்ல வளைக்காதீங்க அண்ணே. வெயில் ஏறின பொறகு, நாளுக்கு ஒரு சாண். அவசரப்பட்டா முறிஞ்சிடும். அது முறிஞ்சா அல்லாஹ்தான் காப்பாத்தணும்."

சுவரில் ஆணி அடித்துக் கம்பி இழுத்தார். முதல் நாள் ஒரு சாண் வளைத்துக் கட்டினார். இரண்டாம் நாள் இன்னொரு சாண். கொப்பு முனகியது, ஆனால் வளைந்து கொடுத்தது. மூன்றாம் நாள் கையில் கொப்போடு நிற்கிறபோது சட்டைப் பையில் போன் அடித்தது.

"மாடசாமி, ஒரு கண் செய்தாச்சு," என்றார் டீச்சர். குரலே மாறியிருந்தது, யாரோ இளம் பெண் பேசுகிற மாதிரி. "கட்டு அவிட்டவை. நேர்ஸ் மிஸ்ஸின்ரை கையிலை கிடந்த காப்புத் தெரிஞ்சுது. பிறகு வாகினியின்ரை முகம். அவளுக்கும் நரை விழுந்திட்டுது, பாவம். மற்றக் கண்ணும் அடுத்த கிழமை செய்வினம். நான் அவளிட்டைச் சொல்லிப்போட்டன், வீட்டுக்குள்ளை போக முதல் ரோசாவடியிலை கொஞ்ச நேரம் இருக்கோணும் எண்டு. பிள்ளை கட்டின கட்டும் தெரியும்தானே?"

"தெரியும் டீச்சரம்மா" என்றார் மாடசாமி.

போனை வைத்த பிறகு அவருக்கு என்ன பிடித்தது என்று தெரியவில்லை. நாளுக்கு ஒரு சாண் என்பதெல்லாம் மறந்துபோனது. கொப்பைப் பிடித்துக் கீழே இழுத்தார். டக் என்று ஒரு சத்தம்.

பாதிக்குமேல் முறிந்திருந்தது. உள்ளே வெள்ளை நார் தெரிந்தது. ஒரு பக்கத் தோல் மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது. மாடசாமி கொப்பை இரண்டு கையாலும் தாங்கியபடியே நின்றார். விட்டால் தொங்கிவிடும். முள் உள்ளங்கையில் ஏறி இரத்தம் வழிந்தது. அறுபத்தோரு வயது மனுஷர் அங்கேயே நின்று வாய்விட்டு அழுதார். தன் மகன் செத்தபோதுகூட டீச்சர் இப்படி அழுதிருக்க மாட்டார் என்று பக்கத்து வீட்டு றுக்ஸானா பிறகு சொன்னாள். அவள்தான் சத்தம் கேட்டு வந்து, கேட்டில் நின்ற செவனம்மாவுக்கு வழிகாட்டிக் கூட்டிவந்தவள். செவனம்மா மத்தியானச் சோறு கொண்டுவந்திருந்தாள்.

செவனம்மாவுக்கு எல்லாக் கதையும் அன்றைக்குத்தான் தெரிந்தது. கேட்டுவிட்டுச் சோற்றுப் பார்சலைத் தரையில் வைத்தாள். "கண்ணு தெரியாத பொம்பளைக்கு நாலு வருஷமாப் பொய்யா சொன்னீங்க? ஏழு பூன்னா ஏழு பூன்னு சொல்றதுக்கு என்ன?" என்றாள். பிறகு தன் சேலைத் தலைப்பில் ஒரு முழம் கிழித்தாள். மூங்கில் பத்தை இரண்டு வைத்து, களிமண்ணும் சாணியும் குழைத்துப் பூசி, இரண்டு பேருமாகச் சேர்ந்து முறிந்த இடத்தை இறுக்கிக் கட்டினார்கள்.

இரண்டு நாள் இலை துவண்டு கிடந்தது. அந்த இரண்டு நாளும் அவர் ஓடிப்போகலாமா என்று நினைத்தார். வேலைக்கு ஆளா கிடைக்காது டீச்சருக்கு? போனை அணைத்துவிட்டு லயத்துக்குள் இருந்துவிட்டால் யார் வந்து கேட்கப்போகிறார்கள்? ஆனால் காலையில் கால் தானாக அந்த வீட்டுக்கு வந்து நின்றது. மூன்றாம் நாள் இலை நிமிர்ந்தது. பத்தாம் நாள் கணுக்களில் பச்சைப் புள்ளி வைத்தது. மாசி பிறந்து கொஞ்ச நாளில் ஒவ்வொரு புள்ளியும் விரல் நீளக் கொப்பாகி, நுனியில் மொட்டு விட்டது. மாடசாமி எண்ணினார், பத்தொன்பது. கொத்துக் கொத்தாக இல்லை, ஆனாலும் பத்தொன்பது. ஏழைவிடப் பத்தொன்பது பெரிசு. டீச்சர் கணக்கு டீச்சர், அதையாவது ஒப்புக்கொள்வார்.

அதிலிருந்து அவருக்குக் காவல்தான் வேலை. மாத்தளையில் குரங்குத் தொல்லை தெரியாதவர்கள் இருக்க முடியாது. தென்னங்குரும்பையைப் பிடுங்கும், வாழைப்பூவைக் கிழிக்கும், கூரைத் தகரத்தில் கல்யாணம் நடத்தும். மாடசாமி ஒரு பழைய பிஸ்கட் டின்னும் தடியும் வைத்துக்கொண்டு காலையிலிருந்து இருட்டும்வரை குசினிச் சுவரடியில் உட்கார்ந்திருந்தார். புல் வளர்ந்தது, கான் அடைத்தது. டின் சத்தத்தில் றுக்ஸானாவுக்குத் தலைவலி வந்தது.

மாசி மகத்தன்று செவனம்மா விடவில்லை. கொப்பு முறிந்த அன்று, அது பிழைத்தால் டவுன் முத்துமாரியம்மன் தேர் வடத்தைத் தொடுகிறேன் என்று வேண்டிக்கொண்டது மாடசாமிதான். வேண்டுதலைச் செய்யாமல் விட்டால் பிறகு எந்த முகத்தோடு ஆத்தாளிடம் எதைக் கேட்பது? "தொட்டுட்டு ஒடனே வந்துருவோம்" என்றாள். ஐந்து தேரும் வீதியில் இறங்கி டவுனே நிறைந்து நின்றது. கூட்டத்துக்குள் போவது ஒரு பாடு, வெளியே வருவது அதைவிடப் பாடு. வடத்தைத் தொட்டு, கண்ணை மூடி, "ஆத்தா, அந்தம்மா வர்ற வரைக்கும் பத்திரமா வச்சுக்குடு" என்று கேட்டார். திரும்பி வர இரண்டரை மணி நேரம் ஆனது.

சுவருக்குக் கீழே இதழும் காம்பும் சிதறிக் கிடந்தன. ஒரு குரங்கு இன்னும் கூரையில் உட்கார்ந்து, அவரைப் பார்த்துக்கொண்டே ஒரு மொட்டை நிதானமாகச் சப்பிக்கொண்டிருந்தது. மாடசாமி டின்னைத் தட்டவில்லை. சேலைத் துணிக் கட்டுக்குப் பக்கத்தில், சுவர் மறைவில், நான்கு மொட்டு தப்பியிருந்தது. செவனம்மாதான் கண்டுபிடித்துச் சொன்னாள். அவருக்கு எண்ணுகிற தெம்பு இருக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் இத்ரூஸிடம் ஓடினார். பூத்த ரோசாச் சட்டி பத்துப் பன்னிரண்டு வேண்டும், வளைவுக்குக் கீழே மண்ணுக்குள் புதைத்துவிடலாம் என்றார். அவர் கண் சிவந்திருந்தது. இத்ரூஸ் ஒரு சட்டியை எடுத்து முன்னால் வைத்தார். கை அகலத்துக்குக் கடும் சிவப்புப் பூ.

"தாரேன், கொண்டு போங்க. ஆனா அந்தப் பிள்ள நட்டது கொத்துக் கொத்தாப் பூக்கிற வெளிர் ரோஸ். இத அந்தம்மா பாத்தா வெளங்காதா? கண்ணு தெரியாதப்ப வாயால சொன்னீங்க. கண்ணு தெரிஞ்ச பொறகு மண்ணுல நட்டுக் காட்டப் போறீங்களா?"

மாடசாமி சட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு ஒன்றும் வாங்காமல் பஸ் ஏறினார்.

அதற்கு மறுநாள் பகல் பதினொரு மணிக்கு வாகினியின் வேன் வந்து கேட்டில் நின்றது. டீச்சர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றியபடியே இறங்கினார். முதலில் மாடசாமியைத்தான் பார்த்தார். மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"நீங்கள்தான் மாடசாமியோ?" என்றார். "குரலைக் கேட்டு நான் ஒரு தடிச்ச ஆளை நினைச்சுக்கொண்டிருந்தன்."

பிறகு தலையை உயர்த்தினார். வளைவு மொட்டையாக வானத்துக்குக் கீழே நின்றது. அவர் பார்வை இரும்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கி, எட்டுக் கட்டையிலும் அதில் நின்ற சிவப்புத் துளிரிலும் வந்து நின்றது. வாகினி "அம்மா" என்று தோளைத் தொட்டாள். டீச்சர் அந்தக் கையை விலக்கினார்.

மாடசாமி தலைத்துண்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். சொல்லிவிட்டார். நான்கு வருஷப் பொய்யையும் சொன்னார், கத்தியையும் சொன்னார், கவ்வாத்தையும் கயிறு உதிர்ந்ததையும் முறிந்ததையும் குரங்கையும் சொன்னார். எதையும் தன் பக்கத்துக்குச் சாய்க்கவில்லை. கடைசியில், "தம்பி கட்டின கட்ட நாந்தாங்க அழிச்சுப்புட்டேன்" என்றார்.

வேன்காரர் எஞ்சினை நிறுத்தினார்.

"போன வருசம் எத்தினை பூ?" என்று கேட்டார் டீச்சர்.

"ஏழுங்க."

"அதுக்கு முதல் வருசம்?"

"பத்துப் பதினஞ்சு இருக்கும்."

"எலையே தெரியேல்லை எண்டு சொன்னியள்."

"ஆமாங்க."

"அதைக் கேட்டுத்தான் நான் கண்ணிலை கத்தி வைக்க விட்டனான்."

மாடசாமி துண்டை முறுக்கிக்கொண்டே நின்றார். டீச்சர் கட்டைகளுக்குப் பக்கத்தில் குனியப் போனார். குனியக் கூடாது என்று டாக்டர் சொன்னது நினைவு வந்து நிமிர்ந்தார். உக்கிய தும்புக் கயிறு ஒரு துண்டு கட்டையோடு ஒட்டிக் கிடந்தது. அதையே பார்த்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. வாகினி துடைக்கப் பேப்பர் கொடுத்தாள், கையால் தொடக் கூடாது என்று சொல்லிச் சொல்லி அவளும் அழுதாள்.

"மிஞ்சின கொப்பு எங்கை?" என்றார் டீச்சர்.

மாடசாமி குசினிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். கொப்பு சுவரில் குறுக்கே படுத்திருந்தது. நடுவில் செவனம்மாவின் சேலைத் துணிக் கட்டு, களிமண் காய்ந்து வெடித்துப் போய். கம்பி நெடுக, குரங்கு மொட்டைக் கிள்ளிய காம்புகள். டீச்சர் அந்தக் கட்டின்மேல் விரலை வைத்தார். பிறகு சுவருக்கு நேரே நின்று இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டார்.

"இப்ப சொல்லுங்கோ மாடசாமி," என்றார். "ரோசா எப்பிடிப் பூத்திருக்கு?"

நான்கு வருஷமாக தயாராக இருந்த சொல் நாக்கு நுனிக்கு வந்தது. மாடசாமி சுவரைப் பார்த்து எண்ணினார்.

"மூணு பூங்க, டீச்சரம்மா. ஒரு மொட்டு. ஒரு பூவுல ஓரம் காஞ்சிருக்கு."

டீச்சர் கண்ணைத் திறந்தார். கணக்குக் கொப்பி திருத்துகிற மாதிரி ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தார். வெளிர் ரோஸ் நிறத்தில் மூன்று பூ, ஒரு மொட்டு. மூன்றாவது பூவின் ஓரம் காய்ந்திருந்தது.

"சரி" என்றார். "இனிமேல் இப்பிடியே சொல்லுங்கோ."

வாகினி உள்ளே போய் ஒரு கதிரை கொண்டுவந்து சுவருக்கு முன்னால் போட்டாள். டீச்சர் உட்கார்ந்தார். மாடசாமி பிஸ்கட் டின்னையும் தடியையும் எடுத்துக்கொண்டு, கொஞ்சம் தள்ளி, கூரையைப் பார்த்தபடி நின்றார்.